தடைக்காலத்து யாழ்ப்பாணம்: ரேடியோவுக்குச் சைக்கிள் மிதித்த கதை

1990 ஜூனில் இலங்கை அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. அது திரும்பி வருவதற்குள் நான் அரைக்காற்சட்டை போடுகிற வயதையே தாண்டிவிட்டேன். எங்கள் வீடு கோண்டாவில் பக்கம். பெட்ரோல், பற்றி (பேட்டரி), சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் தடை. மண்ணெண்ணெய் எப்போதாவது கிடைக்கும், விலையைக் கேட்டால் அப்பா பெருமூச்சு விடுவார்.

அதனால்தான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டையில் திரியைக் கோர்த்து, கம்பியால் போத்தலுக்குள் தொங்கவிடுவார்கள். சுடர் போத்தலுக்குள்ளேயே இருப்பதால் காற்றுக்கு அணையாது. அந்த வெளிச்சத்தில்தான் அக்கா ஓ.எல். (சாதாரண தர) சோதனைக்குப் படித்தாள். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி.

என் பொறுப்பு ரேடியோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் சில்லில் (சக்கரத்தில்) சாய்த்து, நடுவில் டயோட் வைத்து வயரை ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டு, கையால் பெடலைச் சுற்ற வேண்டும். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. அயல்வீட்டு ஆட்கள் எல்லாரும் எங்கள் திண்ணையில் வந்து குந்திவிடுவார்கள். கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் தேய்ந்துகொண்டே போகும், உடனே "சுத்தடா தம்பி, எங்கே அடிச்சவங்கள் எண்டு சொல்லுறான்" என்று ஒருத்தர் கத்துவார். ஊரே என் கையை நம்பி இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு. செய்தி என்ன என்பது பாதி நாள் காதில் ஏறியதே இல்லை.

சவர்க்காரம் அருமையான சாமான். அம்மம்மா பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்ப்பா. அழுக்குப் போகும், ஆனால் வாசம் போகாது. கொடியில் காயப்போட்ட என் பள்ளிக்கூடச் சேர்ட்டின் கையை அடுத்த வளவு மாடு சப்பித் தின்றுவிட்டது. வகுப்பில் அந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததில்லை என்பதால் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல், பிறகு பின்னால் வருகிறவன் புகையில் செத்தான். பேப்பருக்கும் தட்டுப்பாடு, உதயன் பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் கோடு போட்டபடியே வந்தது.

இதையெல்லாம் இப்போது "என்ன மூளை எங்கட சனத்துக்கு" என்று மெச்சிக் கதைக்கிறார்கள். சரிதான், ஆனால் எனக்கு அந்தப் பெருமையில் முழுக்க ஒட்ட முடியவில்லை. ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்துக்கும், சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்துக்கும் ஜாம் போத்தல் மாதிரி மாற்று ஒன்றும் இருக்கவில்லை.

பங்கர், அதாவது பதுங்குகுழி, எங்கள் மாமரத்தடியில். மேலே பனங்குத்தி, அதற்குமேல் மண்மூட்டை. குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தால் இரைச்சலும் குண்டும் ஒன்றாகவே வந்துவிடும், ஓட நேரமில்லை. சகடை என்று நாங்கள் சொல்லுகிற விமானம் அப்படியில்லை, மெதுவாக வட்டமடித்துப் பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும், எங்கே விழும் என்று அதற்கே தெரியாது. சத்தத்தை வைத்தே எது என்று சொல்ல எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மாரிக்குப் பங்கருக்குள் முழங்கால் தண்ணி. அம்மம்மா ஒருநாளும் இறங்கியதில்லை. "பாம்பு கடிச்சுச் சாகிறதுக்கு மேலேயே இருக்கிறன்" என்பா. அம்மா கடைசியாகத்தான் இறங்குவா, அடுப்பில் இருக்கிற சோற்றை இறக்கி வைத்துவிட்டு.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு மாமா கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்தார். எங்களுக்கு டொபி கொண்டுவந்தார், அத்தோடு மாப்பேணிக்குள் (மாவு டின்னுக்குள்) புதைத்து இரண்டு பென்டோர்ச் பற்றியும். வவுனியாவில் ஆமி சோதித்துப் பிடித்திருந்தால் ஆளை உள்ளே போட்டிருப்பார்கள். அம்மா அவரை வாய்க்கு வந்தபடி ஏசினா, மாவைத் தட்டித் துடைத்துக்கொண்டே. எனக்கு என்றால் ஒரே சந்தோஷம், இனிச் சுற்ற வேண்டாம், பாட்டும் கேட்கலாம் என்று. அப்பா விடவில்லை. செய்திக்கு மட்டும் போடுவார், முடிந்ததும் பற்றியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) பூட்டிவிடுவார்.