முத்தியால்பேட்டை பக்கம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது உண்டா?

அக்காமார்களே, தோழிகளே, வணக்கம். நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். மகளுக்கு 2 வயது.

வாட்டர்கலரில் ஈரம் காய்வதற்குள் அடுத்த வண்ணத்தை விட்டாக வேண்டும். நடுவில் அவள் கூப்பிட்டு எழுந்து போனால் தாளில் திட்டுதான் மிஞ்சும். ராத்திரி டியூப்லைட்டில் மஞ்சளும் பச்சையும் சரியாகத் தெரிவதில்லை. பகல் வெளிச்சம்தான் வேண்டும்.

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும். வீட்டிலிருந்தே வரைகிறவளுக்கு அது ஏது? மாமியார் கடலூரில், முட்டிவலியோடு. அவங்களைக் கூப்பிட மனசு வரவில்லை.

காலையில் சில மணி நேரம் அன்பாகப் பார்த்துக்கொள்ளும் நம்பகமான இடமோ, அக்காவோ தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், இதே நிலையில் உள்ள அம்மாக்கள் யாருக்காவது முறைவைத்துப் பார்த்துக்கொள்ளச் சம்மதமா? உங்கள் பிள்ளையையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வேன்.