கோத்தகிரில இருக்கேன், முதல் பிஜேடி வாங்கப் போறேன்: கம்பெனி பெயின்ட் முகமா, கஸ்டம் முகமா?

கேரட்தோட்டம் எழுதியது:

வணக்கங்க. ரெண்டு வருஷமா சீட்டு கட்டின பணம் இந்த மாசம் கைக்கு வந்துருச்சு, அதுல முதல் பிஜேடி (ball-jointed doll, மூட்டு மூட்டா மடங்குற ரெசின் பொம்மை) வாங்கலாம்னு இருக்கேன். 1/4 சைஸ், 42 செ.மீ. உயரம், டான் கலர், அதாவது மாநிற ரெசின். உடம்பு, கண்ணு, விக்கு எல்லாம் முடிவு பண்ணியாச்சு. ஆர்டர் பக்கத்துல ஒரே ஒரு கட்டத்துல நாலு நாளா நிக்கிறேன், கம்பெனியே முகம் பெயின்ட் பண்ணி அனுப்பணுமா இல்ல வெறும் முகமா அனுப்பணுமான்னு கேக்குது.

கம்பெனி போட்டோல அந்த முகம் அழகாத்தான் இருக்கு. ஆனா புருவம் மெல்லிசா லேசான பிரவுன்ல இருக்கு, கன்னத்துல ரோஸ், உதடும் ரோஸ். என் மனசுல இருக்குற பொண்ணு வேறங்க. அவளுக்கு அடர்த்தியான கருப்புப் புருவம், கண்ணுக்கு மை, மூக்கு ஓரத்துல ஒரு மச்சம், அப்புறம் நம்ம மலைல டிசம்பர் காலைல ஸ்கூல் போற பிள்ளைங்களுக்குக் கன்னம் குளிர்ல வெடிச்சு செவந்து இருக்குமே, அந்தச் செவப்பு. ரோஸ் இல்ல, செங்கல் கலந்த மாதிரி ஒரு செவப்பு. தோடா எம்பிராய்டரி மாதிரி செவப்பு கருப்பு நூல்ல அவளுக்குக் குட்டிப் போர்வை கூடத் தைக்க ஆரம்பிச்சுட்டேன்.

வெறும் முகத்துல நம்ம கேக்குற மாதிரி வரைஞ்சு தர்ற கஸ்டம் ஆர்ட்டிஸ்ட் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுல, இல்லன்னா தூரத்து ஊர்ல இருக்காங்க, தலையைக் கழட்டி அனுப்பணும், திரும்ப வரணும், அதுக்குள்ள என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு. இன்னொண்ணு, நம்ம ஊர் ஈரம். பீரோல வச்ச செருப்புலயே பூஞ்சை புடிக்குது, கஸ்டம் பெயின்ட் இங்க நிக்குமா? கம்பெனி பெயின்ட் மெஷின்ல அடிச்சதா இருந்தா கெட்டியா இருக்கும்னு எங்கேயோ படிச்சேன், உண்மையா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, இது எனக்குப் பெரிய பணம், தப்பா போயிரக் கூடாது.

பாசிமணி எழுதியது:

கம்பெனி முகத்தோடயே வாங்குங்க சிஸ். நான் வெறும் முகமா வாங்கி, பிடிச்ச ஆர்ட்டிஸ்ட் ஸ்லாட் திறப்பாங்க, அதாவது புது ஆர்டர் எடுப்பாங்கன்னு காத்திருந்து காத்திருந்து என் பொண்ணு 14 மாசம் முகமே இல்லாம உக்காந்திருந்தா. டிரஸ் போட மனசு வரல, போட்டோ எடுக்க மனசு வரல. பாக்ஸ் திறக்குற அன்னைக்கு ஒரு முகம் உங்களைப் பாக்கணும், முதல் பொம்மைக்கு அது ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

மூடுபனி எழுதியது:

நான் ஊட்டில இருக்கேன், ஆறேழு வருஷமா என் பொம்மைகளுக்கும் ஃப்ரெண்ட்ஸ் பொம்மைகளுக்கும் நானே ஃபேஸ்அப் (முகம் பெயின்ட் பண்றது) பண்றேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

முதல்ல அந்த மெஷின் விஷயம். பார்பி மாதிரி பொம்மைக்கு முகம் அச்சடிக்கிறாங்க, தகட்டுல செதுக்கின படத்துல மையைத் தடவி சிலிக்கான் திண்டால ஒத்தி எடுத்து முகத்துல பதிக்கிறது, அதனால ஒரு பேட்ச்ல எல்லா முகமும் ஒரே மாதிரி வரும். பிஜேடி கம்பெனி பெரும்பாலும் அப்படிப் பண்றதில்ல. அங்க வேலை செய்றவங்க ஏர்பிரஷ், பேஸ்டல், பிரஷ் வச்சு கையாலதான் போடுறாங்க. போட்டோல இருக்குற சாம்பிள் ஒருத்தர் கை, உங்களுக்கு வர்றது இன்னொருத்தர் கையா இருக்கலாம், புருவம் ஒரு மயிரிழை ஏறி இறங்கி இருக்கும். அதனால கம்பெனி முகம் கெட்டி, கஸ்டம் முகம் லேசுன்னு கிடையாது. ரெண்டும் ஒரே வேலைதான், ரெசின் மேல மேட் ஸ்ப்ரே (பளபளப்பு இல்லாத பூச்சு) ஒரு கோட், அதுக்கு மேல பேஸ்டல் பொடி, திரும்ப ஸ்ப்ரே, வாட்டர்கலர் பென்சிலோ அக்ரிலிக்கோ வச்சு புருவமும் கீழ் இமையும் ஒவ்வொரு மயிரா, திரும்ப ஸ்ப்ரே, கடைசியா உதட்டுல கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ். பெயின்ட் ரெசின்ல ஒட்டுறதே இல்ல, ஸ்ப்ரே கோட் மேலதான் உக்காருது. அதனாலதான் பின்னாடி அழிக்கவும் முடியுது.

இப்ப ஈரம். முடிஞ்ச ஃபேஸ்அப்புக்கு நம்ம ஊர் ஈரம் பெரிய எதிரி இல்லீங்க, அலமாரில சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, மாசத்துக்கு ரெண்டு தடவை திறந்து காத்தாட விட்டா போதும். ஆபத்து ஸ்ப்ரே அடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்துல. ஸ்ப்ரேல இருக்குற கரைப்பான் சட்டுனு ஆவியாகும்போது முகத்தைக் குளிர வைக்கும், காத்துல ஈரம் இருந்தா அது அப்படியே அந்தக் கோட்ல படிஞ்சு வெள்ளையா மூடிரும். கண்ணாடில மூச்சு விட்ட மாதிரி ஒரு வெண்மை, ஆனா துடைச்சாப் போகாது. ஒரு அக்டோபர்ல அவசரப்பட்டு அடிச்சு, மூணு நாள் உக்காந்து வரைஞ்ச முகம் கண் முன்னாடியே வெளுத்துப் போச்சு, அன்னைக்கு நான் அழுதது இன்னும் ஞாபகம் இருக்கு. மொத்தமா அழிச்சு முதல்ல இருந்து பண்ணேன். 60 சதவீதத்துக்குக் கீழ ஈரம் இருந்தா நிம்மதியா அடிக்கலாம், 70 தாண்டிட்டா ஸ்ப்ரே கேனைத் தொடாதீங்க. ஈரம் அளக்குற சின்ன ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி ரூம்ல வச்சுக்கோங்க.

உங்க கோத்தகிரி கிழக்குப் பக்கம், அங்க அக்டோபர் நவம்பர் மழைதான் மோசம், எங்களுக்கு ஜூன்ல இருந்தே போச்சு. ரெண்டு பேருக்கும் நல்ல காலம் ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும். அதுலயும் காலைல அடிக்காதீங்க, உறைபனி விழுந்த காலைல கேனும் சில்லுனு இருக்கும் தலையும் சில்லுனு இருக்கும், ஸ்ப்ரே சொட்டுச் சொட்டா துப்பும். வெயில் நல்லா ஏறின பிறகு 11 மணிக்கு மேல 2 மணிக்குள்ள, கேனை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் நிக்க வச்சுட்டு அடிங்க. கணப்பு, ஹீட்டர், கேஸ் அடுப்பு எரியுற பக்கம் கேனைக் கொண்டு போகவே கூடாது, அது தீப்பிடிக்கிற பொருள். மாஸ்க்னா துணி மாஸ்க் இல்ல, கரைப்பான் ஆவியைத் தடுக்குற கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர். வீட்டுல குழந்தை, பூனை இருந்தா வெளில மொட்டை மாடில மட்டும் அடிங்க.

பெயின்ட்டுக்கு நிஜ எதிரி இங்க வெயில். உயரம் 1000 மீட்டர் ஏறினா அல்ட்ராவயலட் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், ஊட்டி 2240 மீட்டர். குளுகுளுன்னு இருக்கேன்னு ஜன்னல் ஓரம் உக்கார வச்சா கன்னத்துச் செவப்புதான் முதல்ல வெளுக்கும், வெள்ளை ரெசினா இருந்தா மஞ்சளும் ஆகும். யூவி கட் போட்ட மேட் ஸ்ப்ரே கொஞ்சம் தள்ளிப் போடும், நிறுத்தாது.

உங்க கேள்விக்கு வர்றேன். உங்க மனசுல இருக்குற பொண்ணைப் பத்தி எழுதினதைப் படிச்சா உங்களுக்கு கஸ்டம் முகம்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. செங்கல் கலந்த செவப்புன்னு இவ்வளவு தெளிவாச் சொல்ற ஒருத்தர் அந்த ரோஸ் கன்னத்தைத் தினம் பாத்து சமாதானம் ஆக மாட்டீங்க. ஆனா இன்னைக்கே வெறும் முகமா வாங்கணும்னு இல்ல. டான் ரெசின்ல ஒரு சங்கடம் இருக்கு, தேய்ச்சு தேய்ச்சு அழிச்சா கலர் கொஞ்சம் எழும்பி வரும், கீறல் விழுந்தா வெள்ளையாத் தெரியும். அதனால கம்பெனி முகத்தை வாங்கி அதையே அழிச்சு மாத்துறதை விட, கம்பெனி முகத்தோட பொம்மையும், அதே மோல்டுல (அதே முக அச்சுல) தனியா ஒரு வெறும் தலையும் சேத்து ஆர்டர் பண்ணுங்க. நிறைய கம்பெனி தலையை மட்டும் தனியா விக்குது. ரெண்டாவது தலை எங்க போனாலும், எவ்வளவு நாள் ஆனாலும், வீட்டுல ஒரு முகம் இருக்கும்.

கொலுப்படி எழுதியது:

நான் பிஜேடி எல்லாம் வச்சிருக்கலம்மா, என் பொண்ணு இதைப் படிக்கச் சொன்னா. எங்க வீடு குன்னூர்ல, கொலு மூணு தலைமுறையா வைக்கிறோம். பொம்மை முகம்னதும் ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

எங்க மாமியார் காலத்து மண் பொம்மை, பண்ருட்டில வாங்கினது, லக்ஷ்மி. வருஷா வருஷம் நவராத்திரி நேரத்துலதான் இங்க மழையும் வரும், பரண்ல இருந்து இறக்கும்போதே பெயின்ட் பொரிப் பொரியா உதிரும். ஒரு வருஷம் பாக்கச் சகிக்காம, பெயின்ட் அடிக்கிறவர் ஒருத்தர்கிட்ட கொடுத்தேன். புடவை, நகை எல்லாம் பளபளன்னு புதுசா வந்துச்சு. முகம் மட்டும் வேற யாரோ. பழைய முகத்துல கண்ணு லேசா கீழ பாத்த மாதிரி இருக்கும், நம்ம நிக்கிற எடத்துக்கு மேல இருந்து பாக்குற மாதிரி. புதுக் கண்ணு நேரா முழிக்குது. மாமியார் அப்ப உயிரோட இருந்தாங்க, பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, அந்த வருஷம் அந்தப் பொம்மை முன்னாடி அவங்க உக்காரல. பழைய போட்டோ ஒண்ணு கூட நான் எடுத்து வைக்கலை, அதுதான் இன்னைக்கு வரைக்கும் என் மனசுல குத்துது.

பொம்மை செய்றவங்க கண்ணைக் கடைசியாத்தான் திறப்பாங்க, அதுக்கு ஒரு கை இருக்கணும். அதனால யாருக்குக் கொடுத்தாலும் அவங்க வரைஞ்ச கண்ணை மட்டும் பத்துப் பதினஞ்சு பாத்துட்டுக் கொடும்மா. மத்த கலரெல்லாம் அப்புறம். கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கோ.

ஏரிக்கரை எழுதியது:

கொடைக்கானல்ல இருந்து. மூடுபனி அக்கா சொன்னதோட ஒண்ணு சேக்கணும், பெயின்ட் வேற, செதுக்குறது வேற. நான் பிளைத் சேக்குறேன், 1972ல கென்னர் கம்பெனி ஒரே வருஷம் வித்துட்டு நிறுத்தின பொம்மை, 2001ல ஜப்பான்ல டகாரா கம்பெனி திரும்பக் கொண்டு வந்தது, பின்னாடி நூலை இழுத்தா கண்ணு நாலு கலர் மாறும். அதோட ஃபேக்டரி முகம் பளபளன்னு இருக்கும், கஸ்டம் பண்றவங்க அந்தப் பளபளப்பைத் தேய்ச்சு எடுத்து, மூக்கையும் உதட்டையும் கத்தி வச்சு செதுக்கிப் புது ஆளாவே ஆக்கிருவாங்க. அது பிடிக்கலைன்னா திரும்பிப் போக வழியே கிடையாது, முகத்தட்டையே மாத்தணும். என்கிட்ட இருக்குற அஞ்சுல ரெண்டை மட்டும் செதுக்கக் கொடுத்தேன், மூணை ஃபேக்டரி முகமாவே வச்சிருக்கேன். பிஜேடில உதட்டைக் கொஞ்சம் திறக்கட்டுமா, கண் ஓரம் கொஞ்சம் இழைக்கட்டுமான்னு ஆர்ட்டிஸ்ட் கேட்டா முதல் தடவை வேணாம்னு சொல்லிருங்க, பெயின்ட் மட்டும் போதும்.

அப்புறம் அசிட்டோன். பிளைத் முகத்துல நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டா பிளாஸ்டிக்கே உருகும், ரெசினுக்கும் அது ஆகாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால்தான், அதையும் தலைக்கு உள்பக்கம் ஒரு எடத்துல தொட்டுப் பாத்துட்டு.

கேரட்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கொலுப்படி அம்மா, உங்க லக்ஷ்மி கதையை எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அவங்களும் கொஞ்ச நேரம் பேசல. மூடுபனி அக்கா, ரெண்டு தலை யோசனை எனக்குத் தோணவே இல்ல. ஒண்ணு கேக்கணும், அந்த ரெண்டாவது தலையை நானே பண்ணிப் பாக்கலாமா? எனக்கு வரையத் தெரியும், பென்சில் ஸ்கெட்ச் நிறைய பண்ணிருக்கேன், ஆனா பொம்மை முகத்துல பண்ணதில்ல. பார்சல்ல அனுப்புறதுன்னா தலையை எப்படிப் பேக் பண்றது, அதையும் சொல்லுங்க.

மூடுபனி எழுதியது:

தாராளமாப் பண்ணுங்கம்மா. 1999ல ஜப்பான்ல வோல்க்ஸ் கம்பெனி சூப்பர் டால்ஃபிங்குற பிஜேடியைக் கொண்டு வந்ததுல இருந்தே வாங்கினவங்க தானே முகம் வரையுறது இந்தப் பொம்மையோட வழக்கம்தான். ஆனா முதல் முகத்தை அந்தத் தலையில வரையாதீங்க. வீட்டுல கிடக்குற பழைய பிளாஸ்டிக் பொம்மைத் தலை நாலு எடுத்து, வலது புருவத்துக்கு ஜோடியா இடது புருவம் வர்ற வரைக்கும் போட்டுப் பழகுங்க. பேப்பர்ல வரைஞ்ச கைக்கு இந்த வளைவு புதுசு, ஒரு பக்கம் வந்துரும், மறுபக்கம் வராது, எனக்கு அதுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஆச்சு. போட்டோ எடுத்து அதைத் திருப்பிப் பாத்தா கோணல் உடனே தெரியும். ஆயில் பேஸ்டல் வாங்கிராதீங்க, சாஃப்ட் பேஸ்டல், அதை பிளேடால சொரண்டிப் பொடியாக்கணும். உங்க செங்கல் செவப்புக்கு ஒரே கலர் போதாது, டான் மேல ரோஸ் போட்டா சாம்பல் அடிக்கும், காவிக் கலரும் அடர் செவப்பும் கலந்து ரொம்பக் கொஞ்சமா, மூணு கோட்டா ஏத்துங்க. மச்சம் கடைசி கோட்டுக்கு முன்னாடி.

அனுப்பினா கண்ணு, விக்கு, உள்ள இருக்குற கொக்கி எல்லாம் கழட்டிட்டு தலையை மட்டும் அனுப்புங்க. முகத்துல பஞ்சு நேரா பட வேணாம், இழை ஒட்டும், மெல்லிசான டிஷ்யூ சுத்தி அதுக்கு மேல பபுள் ரேப், ரெண்டு டப்பா, நடுவுல அசையாம.

கேரட்தோட்டம் எழுதியது:

ஆர்டர் போட்டுட்டேன் அக்கா. பொம்மை கம்பெனி முகத்தோட, கூட ஒரு வெறும் தலை. அவங்க செஞ்சு அனுப்பவே நாலஞ்சு மாசம் ஆகும்னு சொல்லிருக்காங்க, கணக்குப் போட்டா ஜனவரி கடைசில வரும். ஹைக்ரோமீட்டர் நேத்து வந்துச்சு, இப்ப ராத்திரி எட்டு மணி, வெளில மூடுபனி, 91 காட்டுது. பழைய பொம்மைத் தலை மூணு எங்க அத்தை வீட்டுப் பரண்ல கிடைச்சுச்சு, இன்னைக்கு முதல் புருவம் போட்டேன்.

கொலுப்படி எழுதியது:

வலது பக்கமா இடது பக்கமா? போட்டோ போடும்மா.