கம்ப்ரசர் வழக்கை இயந்திரம் அறிந்த நீதிபதியிடம் கேட்டுப் பெற முடியுமா?

துறைமுகத்தான், கடலூர் முதுநகர்:
மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் சிறிய ஐஸ் கம்பெனி ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு 18 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய அம்மோனியா கம்ப்ரசர், ஒப்பந்தத்தில் சொன்ன குளிர்த்திறனைத் தரவில்லை. பார் ஐஸ் உறைவதற்கு முன்பு ஆன நேரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆகிறது. விற்றவர்களோ எங்கள் கண்டன்சரையும் உப்புத் தண்ணீரையும் குறை சொல்கிறார்கள். தொழிலுக்காக வாங்கிய இயந்திரம் என்பதால் நுகர்வோர் ஆணையம் சரிவராது, உரிமையியல் வழக்குதான் வழி என்று எங்கள் வழக்குரைஞர் சொல்லிவிட்டார். காலையில் பாகப்பிரிவினையும் பிற்பகலில் விபத்து இழப்பீடும் கேட்கும் நீதிபதி, கம்ப்ரசரின் அழுத்தக் கணக்கை எப்படி எடைபோடுவார் என்ற கவலை எனக்கு இருக்கிறது. பொறியியல் தெரிந்த நீதிபதியிடம் அனுப்பும்படி மனுச் செய்ய இடமுண்டா? வழக்குகளைப் பிரித்துக் கொடுப்பவர் யார்?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
அப்படி ஒரு மனு நிலைக்காது, ஐயா. மாவட்டத்தில் வழக்கை ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு. ஆனால் நீதிபதியின் படிப்பைக் காட்டி அதைக் கேட்க முடியாது. உயர் நீதிமன்றத்தில் எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பது என்பதைத் தலைமை நீதிபதி ஒருவரே முடிவு செய்கிறார் என்று 1998இல் ராஜஸ்தான் அரசு எதிர் பிரகாஷ் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் சாந்தி பூஷண் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் அந்த அதிகாரத்தை மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கப்படவில்லை.

இருந்தாலும் உங்கள் வழக்கு சாதாரண உரிமையியல் வழக்கு அன்று. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கே பொருந்தியது. 2018 திருத்தம் அதை 3 லட்சமாகக் குறைத்தது. கடலூர் வழக்குகளுக்கு எந்த நீதிமன்றம் வணிக நீதிமன்றமாக அறிவிக்கப்பட்டுள்ளது என்பதை உங்கள் வழக்குரைஞர் தாக்கல் பிரிவில் கேட்டுவிட்டுப் பிராதைத் தயாரிக்கட்டும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால், வழக்குப் போடுவதற்கு முன் அதே சட்டத்தின் 12அ பிரிவின்படி சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுத்தாக வேண்டும். அது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாகூர் ஓய்வூதியர், புதுச்சேரி:
வக்கீல் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். அந்தச் சட்டம் எதிர்பார்க்கும் அனுபவம் வணிக வழக்குகளைக் கேட்ட அனுபவமே தவிர, இயந்திர அறிவு அன்று. சட்டமியற்றியவர்கள் துறை அறிவு வேண்டும் என்று உண்மையாகவே நினைத்த இடத்தில், அறிந்தவரை நீதிபதிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தில், சென்னை அமர்வு உட்பட, நீதித்துறை உறுப்பினரோடு வல்லுநர் உறுப்பினரும் சேர்ந்தே தீர்ப்பளிக்கிறார். அறிவுசார் சொத்துரிமையில் நடந்தது இதற்கு நேர்மாறு: தொழில்நுட்ப உறுப்பினர்களைக் கொண்டிருந்த மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்துவிட்டு, அதன் வேலையை உயர் நீதிமன்றங்களிடமே கொடுத்தார்கள். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் தனிப் பிரிவு வந்தது என்றாலும், அங்கே அமர்வோர் வழக்கமான நீதிபதிகள்தாம்.

எங்கள் ஊரில் பிரெஞ்சு மொழியில் எழுதிய பழைய பத்திரங்களை இன்றும் காணலாம். அத்தகைய பத்திரம் வழக்கில் வந்தால் மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்வார்களே தவிர, பிரெஞ்சு தெரிந்த நீதிபதி வேண்டும் என்று கேட்பதில்லை. உங்கள் கம்ப்ரசருக்கும் அதுபோல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவ்வளவே.

குளிர்பதனப் பொறியாளர், நெய்வேலி:
அந்த மொழிபெயர்ப்பாளர் வேலையை இரண்டு வழக்குகளில் நான் பார்த்திருக்கிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9இன்படி, நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். விதி 10அ அறிவியல் ஆய்வுக்கென்றே 1976 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஆணையர் வரும்போது ஆலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எதிர்த்தரப்பும் உடனிருக்க வேண்டும். என் அனுபவத்தில் வழக்கைக் கெடுப்பது நீதிபதியின் அறியாமை அன்று. வழக்குப் போடுவதற்கு முன்பே உரிமையாளர் பொறுமையிழந்து இயந்திரத்தைப் பிரித்துப்போடுவதுதான். பிரித்த பிறகு நான் எதை அளந்து சொல்வது? கண்டன்சருக்குள் போகும் நீரின் வெப்பநிலையையும், உறிஞ்சு, வெளியேற்று அழுத்தங்களையும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் மணிக்கொருமுறை பதிவேட்டில் எழுதி வையுங்கள். குறை கம்ப்ரசரிலா கண்டன்சரிலா என்பதை அந்த எண்களை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். வல்லுநர் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. குறுக்கு விசாரணையில் அது நிற்பதும் விழுவதும் அந்தப் பதிவேட்டைப் பொறுத்தது.

துறைமுகத்தான்:
மூவருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால், வால்வுத் தகட்டை மாற்றிப் பார்க்க வரும் திங்களன்று மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். இப்போதே தொலைபேசியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிவேடு இன்றிரவு ஷிப்டிலிருந்து தொடங்கும்.