ப்ளூஸ் பாட்டுக்குத் தாளம் எண்ணுவது எப்படி? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை) பாடிப் பழகியவர்கள் இருந்தால் கைகொடுங்கள்.

ப்ளூஸ் பாடகரும் கிடார் கலைஞருமான ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் பதிவு செய்த 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டை மூன்று வாரமாகக் கேட்கிறேன். ப்ளூஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 12 பார் (தாளக் கட்டம்), பாருக்கு 4 அடி (தட்டு) என்றுதான் படித்திருந்தேன். தொடையில் தட்டி எண்ணினால் கணக்கு ஒத்துவரவே இல்லை. பாட்டு வரி முடிந்து கிடார் பதில் சொல்லும் இடத்தில் ஓரிரு அடி கூடிவிடுகிறது. ஆனால் காதுக்கு எங்கேயும் தடுக்கவில்லை! அந்த அழகுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

இன்னொரு ப்ளூஸ் பாடகரான ஜான் லீ ஹூக்கரும் இப்படித்தான். காலால் தட்டுவது சீராகப் போகும். வரி மட்டும் மூச்சுக்கும் சொல்லுக்கும் ஏற்ப நீளும், குறுகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சொல் விழும் இடம். அடி மேலேயே தொடங்காமல் அரை அடி தள்ளி எடுக்கிறார்கள், சில சமயம் முந்திக்கொள்கிறார்கள். வெறுமனே பாடினால் எனக்கும் வருகிறது. கிடாரை எடுத்ததும் ஒவ்வொரு சொல்லும் கட்டைவிரல் மீட்டும் அடியோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து, மூன்றாவது துண்டில் சொல்லை எடுத்துப் பழகினால் சரிவருமா? அல்லது கட்டைவிரல் தானாக ஓடும்வரை பாடாமலே இருக்க வேண்டுமா? அப்புறம், கூடுகிற அடிகளை எண்ணி மனப்பாடம் செய்வதா, வரியின் போக்கில் விட்டுவிடுவதா? நீங்கள் எப்படிப் பழகினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.