கடலைக்காய் வேர் முடிச்சும் 99.8 விழுக்காடும்

புது பாக்டீரியா இனம் ஒன்றைக் கண்டுபிடித்த கதையை ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதைப் போலவே எனக்கும் நடந்தது, ஆனால் கதை வேறு மாதிரி போனது. அவருக்கு 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காணப் பார்க்கிற ஒரு மரபணு) ஒப்பீட்டில் ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே வந்ததால் புது இனம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. எனக்கு வந்தது 99.8. "பழைய ஆள்தான், ஓரமா வை" என்றார் லேப் சீனியர்.

ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ். கேரளத்தில் கரிசல் மண் என்றால் எங்கள் சித்தூர் தாலுகாதான். அங்கே கடலைக்காய்ச் செடி பூக்கிற பருவத்தில் பிடுங்கினால் வேரெல்லாம் கடுகளவு முடிச்சுகள். நகத்தால் கிள்ளி, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால்தான் எடுப்பேன். பச்சையாக இருந்தால் நைட்ரஜன் பிடிக்கிற வேலை நின்றுபோனது என்று அர்த்தம்.

களை எடுத்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. "காய் புடிக்கறதுக்குள்ள புடுங்கிட்டியே அம்மிணி, வேரை வெச்சு என்ன பண்றது?"

"உரம் செய்யற கிருமி இதுக்குள்ள இருக்குதுங்க அத்தை."

"அப்ப யூரியா மூட்டைக்குப் பதிலா அதையே கொண்டாந்து குடு."

லேபில் முடிச்சை ஆல்கஹாலிலும் ஹைப்போகுளோரைட்டிலும் கழுவி நசுக்கி, காங்கோ ரெட் என்கிற சிவப்புச் சாயம் கலந்த ஈஸ்ட்-மானிட்டால் அகாரில் (பாக்டீரியா வளர்க்கிற ஊட்டக்கூழ்) இழுத்துவிட்டேன். இரண்டாம் நாளே பளபளவென்று வந்து நிற்பவை பெரும்பாலும் கூடவே வந்த பாசில்லஸ் வகையறா. நான் தேடிய, முடிச்சுக்குள் நைட்ரஜன் பிடிக்கிற பிராடிரைசோபியம் சோம்பேறி. ஒரு வாரம் ஆனாலும் காலனி ஒரு மில்லிமீட்டரைத் தொடாது, சிவப்பை உறிஞ்சாமல் வெள்ளையாகவே இருக்கும். தட்டைச் சீக்கிரம் தூக்கி எறிகிறவர்கள் கண்ணில் இது படவே படாது.

இப்போது அந்த 99.8-க்கு வருகிறேன். 16எஸ் மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். இந்தப் பேரினத்தில் அது இனத்துக்கு இனம் பெரிதாக மாறுவதில்லை. 98.7-க்குக் கீழே போனால் புதியது என்று சொல்லலாம், மேலே இருந்தால் பழையது என்று சொல்லிவிட முடியாது. நிறைய பேர் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். அதனால் ரெக்-ஏ, ஏடிபி-டி, ஜிஎல்என்-2 மரபணுக்களையும் படித்தோம். சீனத்துக் கடலைச் செடியில் எடுத்து 2013-இல் பெயர் வைத்த பிராடிரைசோபியம் அராக்கிடிஸ் உட்பட, தெரிந்த இனம் எதனோடும் சேராமல் தனிக் கிளையாக நின்றது. முடிச்சு போட வைக்கும் நாட் மரபணுக்களைப் பார்த்து இனம் பிரிக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அவை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற சாமான்.

கடைசியில் முழு மரபணுத்தொகுதியையும், அதாவது பாக்டீரியாவின் மொத்த டிஎன்ஏவையும், படித்தோம். இரண்டு மரபணுத்தொகுதிகளின் சராசரி ஒற்றுமை 95-96 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இனம் வேறு. நெருங்கிய இனத்தோடு ஒப்பிட்டதில் எங்களுடையது அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றது. சீனியர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதே கடலைக் காட்டில் எடுத்த இன்னொரு ஸ்ட்ரெயின் (தனியாகப் பிரித்து வளர்த்த பாக்டீரியா) ஏற்கெனவே பெயருள்ள இனத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தோடு பெயர் வைத்துவிடலாம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. வகை ஸ்ட்ரெயினை, அதாவது இனத்துக்கே அடையாளமாக நிற்கிற மாதிரியை, இரண்டு வெவ்வேறு நாடுகளில், யார் கேட்டாலும் கொடுக்கிற சேமிப்பகங்களில் வைத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பெயர் செல்லும். சண்டிகரில் உள்ள சேமிப்பகத்தில் வைப்பது சுலபம். ஜெர்மனிக்கு அனுப்புவதென்றால் 2002-ஆம் வருட உயிரியல் பன்மைச் சட்டம் குறுக்கே வருகிறது, சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்துக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும். பாக்டீரியாவைத் தேடிய நேரத்தைவிடக் காகிதத்துக்குப் பின்னால் அலைந்த நேரம் அதிகம் போலிருக்கிறது. பாக்டீரியா இருக்கும் குழாய் இன்னும் எங்கள் ஃப்ரீசரில்தான் கிடக்கிறது. இதே அனுமதிக்குப் படிவம் போட்டவர்கள் யாராவது இருந்தால், உங்களிடம் முதலில் எந்தக் காகிதத்தைக் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.