ஊதின பற்றரியைக் கழட்டிட்டு நேரா கரண்ட் குடுத்தா போன் லோகோவோட நிக்குது – அவசரம்

கடை_கொழும்பு6 · பி.ப. 7.12
அண்ணாமார், பழைய சாம்சங் போன் ஒண்டைக் கடை வாசலுக்கு கேமராவா மாத்துறன். பற்றரி ஊதிப் போச்சு, கழட்டிட்டு நேரா கரண்ட் குடுத்திருக்கிறன். மீற்றர்ல பாத்தா 4.1 வோல்ட் சரியா வருது. பவர் பட்டனை அமத்தினா லோகோ வரும், கொஞ்சத்தில ஓஃப். எத்தனை தரம் போட்டாலும் அப்பிடித்தான். நாளைக்குக் காலமை கடை திறக்க முதல் பூட்டவேணும். என்ன பிழை?

மலைக்காற்று · பி.ப. 7.20
என்ன மொடல்ங்க? 4.1 வோல்ட் எதுல இருந்து வருது? பற்றரி முனையில குடுக்கிறீங்களா, சார்ஜ் பண்ற ஓட்டையிலயா?

ரொம்_மாத்தி · பி.ப. 7.24
லோகோவில நிண்டா அது பூட் லூப், சொஃப்ட்வேர் பிழையால முழுசா எழும்பாமல் திரும்பத் திரும்பத் தொடங்கிறது. வொல்யூம் அப், ஹோம், பவர் மூண்டையும் சேர்த்து அமத்தி ரிக்கவரிக்குப் போய் கேச் பார்ட்டிஷனை அழியுங்க. சரிவராட்டி கொம்பியூட்டர்ல ஓடின் எண்ட புரோகிராமைப் போட்டு ஸ்டொக் ஃபேர்ம்வேர் (கொம்பனி சொஃப்ட்வேர்) ஏத்துங்க. பழைய சாம்சங் சிலதில இந்தப் பிரச்சினை இருக்கு.

ஈயக்கம்பி · பி.ப. 7.31
தயவுசெய்து இப்ப ஓடின் பக்கம் போக வேண்டாம். கரண்ட் நிலையா இல்லாத போனுக்கு ஃபேர்ம்வேர் ஏத்தி நடுவில ஓஃப் ஆனா, இப்ப உயிரோட இருக்கிற போனும் போயிடும். தம்பி, நாலு விசயம் சொல்லுங்கோ. எந்தச் சார்ஜர், அதுக்கும் போனுக்கும் நடுவில என்ன போர்ட், என்ன வயர்? பற்றரியில பிளஸ், மைனஸ் தவிர இருக்கிற மற்ற முனைகளுக்கு என்ன செய்தனீங்கள்?

கொட்டாஞ்சேனை_பையன் · பி.ப. 7.35
நடு முனைதான் பிரச்சினை, நான் எழுதித் தாறன். அதில பற்றரியின்ர சூடு பாக்கிற தெர்மிஸ்ரர் இருக்கும். அதை வெறுமனே விட்டா, பற்றரி உறைஞ்சு கிடக்கு எண்டு போன் நினைச்சு ஓஃப் பண்ணிடும். 10 கிலோஓம் ரெசிஸ்ரர் ஒண்டை அந்த முனைக்கும் மைனசுக்கும் நடுவில போடுங்க. 25 பாகையில இருக்கிற மாதிரிக் காட்டும்.

பழைய_ரேடியோ · பி.ப. 7.41
மொடல் இல்லை, படம் இல்லை, சார்ஜர் விபரம் இல்லை, "அவசரம்" மட்டும் இருக்கு. கேள்வி கேக்க முதல் இங்க ஏற்கனவே எழுதினதைத் தேடி வாசிக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. பற்றரியைத் தூக்கிட்டு ஓட்டுறது தேவையில்லாத வேலை. ஊதினா புதுசு வாங்கிப் போடுறது. பின்பக்க மூடி நகத்தால கழரும் போனுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? அடிப்படை மின்சாரம் தெரியாதவங்க இதுல கை வைக்கக் கூடாது.

கடை_கொழும்பு6 · பி.ப. 7.58
ஜே7, 2015. 5 வோல்ட் 2 ஆம்பியர் போன் சார்ஜர். நடுவில நீல நிறக் குட்டி போர்ட், எல்எம்2596 எண்டு எழுதியிருக்கு, முதலாம் குறுக்குத் தெருவில வாங்கினது. வயர் அந்தக் கலர் கலரான ஜம்பர் வயர். பற்றரி மேல இருந்த குட்டிப் பச்சை போர்டைக் கழட்டி அதில சோல்டர் பண்ணியிருக்கிறன், அதனால எல்லா முனையும் போனுக்குப் போகுது. 4.1க்கு மேல கூட்டப் பாத்தன், திருகாணியை எவ்வளவு சுத்தினாலும் ஏறுதில்லை.

ஈயக்கம்பி · பி.ப. 8.10
கடைசி வரியிலயே விடை இருக்கு. பற்றரியின்ர சொந்த போர்டைப் பாவிச்சது நல்ல வேலை. தெர்மிஸ்ரர் அதிலயே இருக்கு, 10 கிலோஓம் தேவைப்படாது.

எல்எம்2596 உள்ள போற வோல்ட்டைக் குறைச்சுத்தான் வெளிய விடும். குறைக்கேக்க அதுக்கு ஒரு இடைவெளி வேணும். உள்ளுக்கு இருக்கிற சுவிட்சிலயே 1 வோல்ட்டுக்குக் கிட்டப் போயிடும், 3 ஆம்பியர் இழுத்தா அது 1.16 வரை வரும். 5 வோல்ட் குடுத்தா சும்மா இருக்கேக்க 4.1தான் உச்சம். நீங்கள் மீற்றர்ல பாத்தது அதுதான், லோட் இல்லாத, எண்டா போன் கரண்ட் இழுக்காத நேரத்துக் கணக்கு. போன் எழும்பேக்க திரையும் புரொசசரும் வைஃபையும் ஒரே நேரத்தில இழுக்கும், 2 ஆம்பியர் வரைக்கும் பாயும். அந்த நேரம் சார்ஜர் வயர்லயே 0.3 விழுந்து போர்டுக்கு 4.7தான் வரும். சுவிட்ச் 1.1ஐச் சாப்பிட்டா 3.6. கொயிலும் ஜம்பர் வயரும் இன்னொரு 0.3. போனுக்கு மிஞ்சிறது 3.3. அதில போன் "பற்றரி முடிஞ்சுது" எண்டு நிப்பாட்டிடும். சாதாரண மீற்றர் மெதுவாப் படிக்கிறதால இந்த விழுகை கண்ணில படாது.

சோதிக்க வேணுமெண்டா 2.2 ஓம், 10 வாட் வெள்ளை சிமெந்து ரெசிஸ்ரர் ஒண்டை போர்டின்ர அவுட்புட்ல பிடிச்சு மீற்றரைப் பாருங்கோ. நல்ல சப்ளையில 4.1 அப்பிடியே நிக்கும், 1.9 ஆம்பியருக்குக் கிட்டப் பாயும். உங்கட செட்டில சடாரெண்டு விழும். அஞ்சு செக்கனுக்கு மேல வைக்காதையுங்கோ, ரெசிஸ்ரர் கையைச் சுடும்.

தீர்வு: பழைய ரவுட்டரின்ர 12 வோல்ட் 2 ஆம்பியர் அடப்டர் இருந்தா அதை அதே போர்டுக்குக் குடுங்கோ, அந்த இடைவெளி தாராளமாக் கிடைக்கும்.

மருதானை_நானா · பி.ப. 8.16
இவ்வளவு சுத்தல் தேவயில்ல தம்பி. அந்த நீல போர்டக் கழட்டி வீசுங்க. 5 வோல்ட் சார்ஜர்ல இருந்து வர்ர பிளஸ் வயர்ல 1என்5408 டயோட் (கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுற சாமான்) ஒன்டு போட்டா 0.7 குறைஞ்சு 4.3 வரும். டயோட்ல வெள்ளக் கோடு ஈக்கிற பக்கம் போன் பக்கம். ஒரு சாமான், ரெண்டு சோல்டர், முடிஞ்சி. 1என்4007 போட வேணாம், அது 1 ஆம்பியர்தான் தாங்கும்.

ஈயக்கம்பி · பி.ப. 8.25
நானா, டயோட் எப்பவும் 0.7 குறைக்காது. கரண்ட் கொஞ்சமாப் பாயேக்க 0.5, 0.6தான் குறையும். லோட் இல்லாத நேரம் கனக்க சார்ஜர் 5.2 கூட விடும். திரை அணைஞ்சு போன் சும்மா கிடக்கேக்க முனையில 4.6 வந்து நிக்கும். பற்றரி லேபல்ல உச்ச வோல்ட் எண்டு போட்டிருக்கிறதைத் தாண்டிப் போகுது.

மருதானை_நானா · பி.ப. 8.33
கேமரா ஓடுற போன் எப்ப சும்மா கிடக்கும்? 24 மணித்தியாலமும் வைஃபையில வீடியோ அனுப்புது, 0.4 ஆம்பியர் சரி இழுக்கும். அந்த நேரம் 4.3தான். லேபல்லயும் 4.35, 4.4 என்டு அச்சடிச்ச பற்றரிதான் இப்ப கூட.

ஈயக்கம்பி · பி.ப. 8.37
கேமரா அப் நிண்டு போகும், போன் ஓஃப் ஆகும், அப்ப லோட் இல்லை. ஆள் பாக்காத இடத்தில 24 மணித்தியாலமும் ஓடுற சாமானுக்கு வோல்ட்டைப் பிடிச்சு வைக்கிற போர்ட் கட்டாயம் வேணும். டயோட் முறையை மேசையில வச்சுச் சோதிச்சுப் பாக்கிற அளவுக்கு ஒத்துக்கொள்ளுறன், சுவருக்கு இல்லை.

கொட்டாஞ்சேனை_பையன் · பி.ப. 8.40
போன் முனையில கரண்டைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கிற 2200 மைக்ரோஃபாரட் கபாசிற்றர் ஒண்டு போட்டா 5 வோல்ட் சார்ஜரோடயே வேலை செய்யாதா?

ஈயக்கம்பி · பி.ப. 8.49
கணக்குப் போட்டுப் பாருங்கோ. 1 ஆம்பியர் பத்தாமல் போனா, 2200 மைக்ரோஃபாரட் 0.3 வோல்ட் விழ 0.66 மில்லிசெக்கன் எடுக்கும். சிம் போட்ட போன் 2ஜியில பேசேக்க வாற துடிப்பு ஒவ்வொண்டும் 0.577 மில்லிசெக்கன், அதைத் தாங்கும். எழும்புற வேலை செக்கன் கணக்கில இழுக்கிறது, அதுக்குக் கபாசிற்றர் காணாது. ஆனா 12 வோல்ட்டுக்கு மாத்தின பிறகும் ஒண்டு போடுறது நல்லம். 2200 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைஞ்ச) வகை, போர்டுப் பக்கம் இல்லை, போன் முனைக்குக் கிட்ட. சிம்மைக் கழட்டி ஃபிளைட் மோட்ல போட்டு வைஃபையை மட்டும் ஓன் பண்ணுங்கோ, பாதித் துடிப்புக் குறையும்.

ஜம்பர் வயரையும் மாத்துங்கோ. அது 28 கேஜ். செம்பாவே இருந்தாலும் ஒரு மீற்றருக்கு 0.21 ஓம், மலிவான வயர்ல உள்ள இரும்பு, மேல செம்புப் பூச்சு, அது இன்னும் கூட. போதாக்குறைக்கு அமத்திற முனையும் லூஸ். 0.5 சதுர மில்லிமீற்றர் வயர், 15 சென்ரிமீற்றருக்குக் கூடாமல், ரெண்டு பக்கமும் சோல்டர் பிடியுங்கோ.

மலைக்காற்று · பி.ப. 8.53
ஒரு நிமிசம். அவர் 4.1க்கு மேல கூட்டப் பாத்தேன், திருகாணியைச் சுத்திக்கிட்டே இருந்தேன்னு சொல்றார். அப்போ இப்ப அந்தத் திருகாணி எங்க நிக்குதோ! 5 வோல்ட்ல அது ஏறலை, அவ்வளவுதான். 12 வோல்ட்டைக் குடுத்தா சுத்தி வச்ச அளவுக்கு ஏறிடுமே.

ஈயக்கம்பி · பி.ப. 8.56
முக்கியமான விசயம், எனக்கு முந்தி நீங்கள் பிடிச்சிட்டீங்கள். தம்பி, இதை வாசிக்காமல் 12 வோல்ட் குடுக்க வேண்டாம். போனை முழுசாக் கழட்டி வையுங்கோ. 12 வோல்ட்டைப் போர்டுக்குக் குடுத்து அவுட்புட்டில மீற்றரைப் பிடியுங்கோ. 11க்குக் கிட்டக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. திருகாணியை இடஞ்சுழியாச் சுத்திக் குறையுங்கோ. அது பல சுற்றுத் திருகாணி, முதல் பத்துச் சுற்றுக்கு ஒண்டும் மாறாத மாதிரி இருக்கலாம், விடாமல் சுத்துங்கோ. 4.1ல நிப்பாட்டி, 2.2 ஓமைப் பிடிச்சுத் திரும்பப் பாத்து, ஒரு சொட்டு நெயில் பொலிஷ் வச்சுத் திருகாணியைப் பூட்டுங்கோ. அதுக்குப் பிறகுதான் போன்.

மற்றது, பச்சை போர்ட் சில நேரம் "தூங்கிப்" போகும். கன்வேட்டர் (நீல போர்ட்) பக்கம் 4.1 இருக்கும், போன் பக்கம் 0 காட்டும். பற்றரி வெட்டுப்பட்டதை அது "முழுக்க இறங்கிட்டுது" எண்டு எடுத்திருக்கும். போன் போற முனையில, போன் இல்லாமல், அதே 4.1ஐ ஒரு செக்கன் தொட்டு எடுத்தா எழும்பும்.

பழைய_ரேடியோ · பி.ப. 9.04
கடைசியில எல்லாம் நான் சொன்ன இடத்துக்குத்தான் வருது. புதுப் பற்றரி போட்டிருந்தா இவ்வளவும் தேவையில்லை. கரண்ட் போனாலும் கேமரா நிக்காது. 2022ல நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை இதுக்குள்ள மறந்திட்டீங்களா? பற்றரிதான் போனுக்கு யூபிஎஸ்.

கொட்டாஞ்சேனை_பையன் · பி.ப. 9.09
கரண்ட் போனா ரவுட்டரும் நிக்கும். ரவுட்டர் நிண்டா கேமரா யாருக்கு அனுப்பும்?

மலைக்காற்று · பி.ப. 9.15
அந்த ஊதின பற்றரி எப்பிடி ஊதிச்சுன்னும் யோசிக்கணும். எந்நேரமும் நூறு வீதத்தில சார்ஜர்ல கிடந்தா, அதுவும் கொழும்பு வெக்கையில மேற்கு வெயில் படுற சுவர்ல, புதுப் பற்றரியும் ஊதும். பற்றரி வைக்கிறதுன்னா 80 வீதத்தில நிப்பாட்ட வழி வேணும். 2015 ஜே7 பெரும்பாலும் ஆண்ட்ராய்ட் 6க்கு மேல போகலை, அந்த செட்டிங் அதுல கிடையாது. ரூட் பண்ணி (போனோட முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்து) சார்ஜை நிப்பாட்டுற ஏசிசிங்கிற புரோகிராம் போடணும், இல்லாட்டி சுவர் சொக்கெட்டுல டைமர் ஒண்ணு மாட்டி ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போற மாதிரி வைக்கணும்.

பழைய_ரேடியோ · பி.ப. 9.21
டைமர் நல்ல வழி. அதை முதலே சொல்லியிருக்கலாம். ஆனா பற்றரி இல்லாமல் ஓட்டுற போன், கரண்ட் போய் வந்தா தானா எழும்பாது. காலையில யாரோ போய் பட்டனை அமத்தணும். அதுக்கு இங்க யாரும் பதில் சொல்லலை.

ரொம்_மாத்தி · பி.ப. 9.26
அதுக்குத்தானே ஃபாஸ்ட்பூட்ல (கொம்பியூட்டர்ல இருந்து போனுக்குக் கட்டளை குடுக்கிற மோட்) "ஆஃப் மோட் சார்ஜ்" சைபராக்கிற கட்டளை இருக்கு. சார்ஜ் வந்ததும் போன் தானா ஓன் ஆகும்.

கொட்டாஞ்சேனை_பையன் · பி.ப. 9.30
சாம்சங்ல ஃபாஸ்ட்பூட் இல்லை, டவுன்லோட் மோட்தான். ரூட் பண்ணி "எல்பிஎம்" எண்ட சார்ஜிங் புரோகிராமுக்குப் பதிலா ரீபூட் கட்டளை வைக்கிறவங்க இருக்கிறாங்க. ஆனா அது யூஎஸ்பியில கரண்ட் வந்தாத்தான் எழும்பும். பற்றரி முனையில குடுக்கிறவருக்கு உதவாது.

ஈயக்கம்பி · பி.ப. 9.38
ரேடியோ அண்ணா கேட்டது சரியான கேள்வி. ரவுட்டருக்கு விக்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்டை வாங்கி, ஒரு முனையில ரவுட்டர், மற்ற முனையில எங்கட எல்எம்2596. ரெண்டும் சேர்ந்து 2 ஆம்பியருக்குள்ள அடங்கும். கேமரா ஓடேக்க போனுக்கு 12 வோல்ட் பக்கத்தில 0.3 ஆம்பியருக்கு மேல போகாது. ரெண்டு மணித்தியால வெட்டுக்கு ரவுட்டரும் போனும் சேர்ந்தே நிக்கும், எழுப்ப வேண்டி வராது. நீளமான வெட்டு வந்தா பட்டன்தான்.

ஒரு எச்சரிக்கை. பற்றரி முனையில கரண்ட் இருக்கேக்க யூஎஸ்பி சார்ஜரைச் செருக வேண்டாம். இல்லாத பற்றரிக்குப் போன் சார்ஜ் ஏத்தப் பாக்கும், கன்வேட்டரால அதை உள்வாங்க ஏலாது, வோல்ட் மேல ஏறும். யூஎஸ்பி ஓட்டையில ஒரு டேப் ஒட்டி விடுங்கோ. கடைப் பொடியன் யாராவது செருகிடுவான்.

மருதானை_நானா · பி.ப. 9.44
போர்டக் கழட்டின அந்த ஊதின செல் இப்ப எங்க ஈக்குது? ரெண்டு தகட்டுலயும் தனித்தனியா டேப் ஒட்டினீங்களா? ரெண்டும் ஒன்னோட ஒன்னு பட்டா நெருப்பு. குத்தவோ மடிக்கவோ வேணாம், குப்பைக் கூடையிலயும் போட வேணாம். மண் போட்ட தகர டின்ல வெளியால வைங்க, பொறகு மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதி குடுத்த இ-கழிவு எடுக்கிறவங்ககிட்ட குடுங்க.

ஈயக்கம்பி · பி.ப. 9.47
நானா சொன்னது முதல் வேலை. மற்ற எல்லாம் பிறகு.

மலைக்காற்று · பி.ப. 10.30
தம்பி இருக்கீங்களா? 12 வோல்ட் குடுத்துட்டீங்களா?

கடை_கொழும்பு6 · மறுநாள் மு.ப. 8.05
செல்லை டேப் ஒட்டி டின்ல போட்டாச்சு. 12 வோல்ட் குடுக்க போர்ட் 9.8 காட்டிச்சு, போன் மாட்டேல்லை. 4.1க்கு இறக்கி, தடிச்ச வயரும் கபாசிற்றரும் போட்டன். பச்சை போர்டையும் தொட்டு எழுப்பவேண்டி வந்தது. போன் எழும்பிட்டுது, பற்றரி 88 வீதம் காட்டுது, ஐபி வெப்கேம் எண்ட கேமரா அப் ரா முழுக்க ஓடுது. கடை திறக்கோணும், பிறகு வாறன்.

மலைக்காற்று · மறுநாள் மு.ப. 8.19
நல்லது. திரையை அணைச்சிட்டு, ரெசொலூஷனை 720ல வைங்க, 1080 வேணாம். மத்தியானம் வெயில் நேரத்துல முதுகைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டா பின்பக்க மூடியைக் கழட்டி விடுங்க.

மருதானை_நானா · மறுநாள் மு.ப. 11.52
எனக்கிட்டயும் ஜே7 ஒன்டு கிடக்கு, ஆனா அதில பச்சை போர்ட் இல்ல, செல்லோடயே யாரோ வீசிட்டாங்க. அப்ப மத்த முனைகளுக்கு அந்த 10 கிலோஓம் மட்டும் போதுமா, இல்ல பற்றரி எது என்டு போன் பாக்கிற அடையாள முனைக்கு வேற ரெசிஸ்ரர் வேணுமா?