தையல் பிரித்தால் காயம் ஆறிவிட்டதா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து:

போன தை மாதம் சம்பா அறுப்பு. மிஷின் இறங்காத மூலையை மட்டும் ஆள் விட்டு அறுத்தோம். நானும் இறங்கினேன். பழக்கம் விட்டுப்போன கை. கருக்கருவாள் இடது உள்ளங்கை ஓரத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. 6 தையல். 10ஆம் நாள் பிரித்தார்கள். வாய் மூடி, தோல் சுத்தமாக இருந்தது. சரி, ஆறிவிட்டது என்று மறுநாளே நெல் மூட்டைக்குக் கை கொடுத்தேன். பாதிக் காயம் பிளந்துகொண்டது.

டாக்டர் திட்டவில்லை, காகிதத்தில் படம் போட்டார். மேல்தோல் சீக்கிரம் மூடிவிடும். அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அப்போதுதான் கொலாஜன் நாரைப் பின்னிக்கொண்டிருக்கும். முதலில் போடுவது மூன்றாம் வகை, மெல்லிய நார். அதை எடுத்துவிட்டுத் தடித்த முதலாம் வகையை வைக்க மாதக்கணக்கில் ஆகும். 3 வாரத்தில் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பியிருக்குமாம். எத்தனை வருடம் போனாலும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாதாம். வாய்க்கால் உடைப்பை மணல் மூட்டை போட்டு அடைத்த அன்றே கரைமேல் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அம்மா வேறு, புளிப்பு ஆகாது, சீழ் வைக்கும் என்று நெல்லிக்காயை நிறுத்தியிருந்தார். வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் நார் சரியாக முறுக்கேறாது. இதை அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை, ஒளித்துத் தின்றேன்.

கும்பகோணத்திலிருந்து:

அண்ணா, என் கதை நேர் எதிர். என் செல்களுக்கு நார் பின்னுவதை நிறுத்தவே தெரியவில்லை. கல்லூரியில் காதில் இரண்டாவது ஓட்டை குத்தினேன். சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி. ஓர் இடத்தில் வெட்டி எடுத்தார்கள், வேறு சிகிச்சை எதுவும் இல்லை. அந்த வெட்டும் ஒரு காயம்தானே! அடுத்த வருடம் கொட்டைப்பாக்கு அளவில் வந்து நின்றது. காயத்தின் எல்லைக்குள் தடித்தால் வெறும் தடித்த தழும்பு, எல்லை தாண்டினால் கெலாய்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. மாதம் ஒருமுறை கட்டிக்குள்ளேயே ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. வலி உயிர் போகும், ஆனால் அமுங்கிவருகிறது. குடும்பவாகாகவும் வருமாம். மகளுக்குக் காதுகுத்து வைக்கச் சொல்லி மாமியார் கேட்கிறார், தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

திருவையாற்றிலிருந்து:

தங்கை மகனுக்குக் கஞ்சி கொட்டி முழங்கை வெந்தது. ஆறும்போது கை தானாக மடங்க ஆரம்பித்தது. காயத்தின் ஓரங்களை இழுத்துச் சேர்க்கிற மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் வேலை. மூட்டில் அந்த இழுப்பு மிஞ்சினால் கை நீளாது. இரவில் கையை நீட்டிக் கட்ட ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். அவன் அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறான்.